பாட்டும் பத்திரமும்

பொறியியல், மருத்துவம், சி.ஏ. நம் குடும்பங்களில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் வண்டி இந்த மூன்று நிலையங்களில்தான் நிற்கும். நடுவில் ஒரு சின்ன நிலையத்தில் நான் இறங்கிக்கொள்கிறேன் என்று பிள்ளை சொன்னால் பெற்றோருக்குத் திகைப்பு. அந்த நிலையத்தின் பெயர் ‘இசை’ என்றால் கேட்கவே வேண்டாம். பாட்டு வகுப்புக்கு அனுப்புவோம். நவராத்திரிக் கொலுவில் பாடச் சொல்வோம். தியாகராஜ ஆராதனையில் கோஷ்டியோடு உட்கார வைத்துப் படம் பிடிப்போம். ஆனால், பட்டம் மட்டும் வேறு எதிலாவது வாங்கு என்போம்.

சென்ற சில மாதங்களில் நம் சங்கத்து அன்பர்கள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “உங்கள் சின்னப் பெண் பல்கலைக்கழகத்தில் பாட்டுத்தானே படித்தாள்? அதைப் படித்தால் பிழைக்க முடியுமா?” தனித்தனியே பதில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. சங்கீத ஞானம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் கிடையாது. டிப்ளமோ படித்து, ரயில்வே பட்டறைகளில் 38 வருஷம் பெட்டிகளோடும் சக்கரங்களோடும் காலம் தள்ளியவன். ஆனால், ஒப்பந்தப் பத்திரங்களைப் படிக்கத் தெரியும். இந்த விஷயத்தில் அது சங்கீத ஞானத்துக்குச் சமமாகவே பயன்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நாம் வந்து குடியேறியிருக்கும் இந்த வங்காளத்தைப் பற்றி. பாட்டைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது இந்தியாவில் புதிதல்ல. பரோடாவில் மௌலா பக்ஷ் 1886ல் தொடங்கிய இசைப்பள்ளி, லாகூரில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901ல் தொடங்கிய காந்தர்வ மகாவித்யாலயம், லக்னோவில் பாத்கண்டே முயன்று 1926ல் அமைத்த கல்லூரி என்று வரிசையாகச் சொல்லலாம். நம் பக்கத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929ல் இசைக் கல்லூரி வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932ல் இசைத்துறை வந்தது. ஆனால், ஒரு கவிஞர் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, அதைச் சொல்லிக்கொடுக்கத் தாமே ஒரு பல்கலைக்கழகத்தையும் கட்டியது போல்பூருக்குப் பக்கத்தில்தான்.

சாந்திநிகேதனில் தாகூர் பள்ளிக்கூடம் தொடங்கியது 1901ல். அது 1921ல் விஸ்வபாரதி ஆயிற்று. 1951ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. தாகூர் எழுதிய பாடல்கள் ஏறக்குறைய 2200. மெட்டுப் போட்டுவிடுவாராம். ஆனால், மறுநாளே மறந்துவிடுவாராம். உடனிருந்து கேட்டு, நினைவில் வைத்து, ஸ்வரப்படுத்தி எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் அவருடைய அண்ணன் வழிப் பேரன் தினேந்திரநாத் தாகூர். சங்கீத பவனத்தின் முதல் தலைவரும் அவரே. இப்படிச் சேர்ந்த ஸ்வரக் குறிப்புகள்தான் ‘ஸ்வரவிதான்’ என்ற பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக இன்று கிடைக்கின்றன. வங்காளிகள் வீட்டு அலமாரியில் மெல்லிய அட்டையோடு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஸ்வரக் குறிப்பு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. என் மகள் முதல் வருஷம் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தபோது எனக்கு அது எங்கள் சிக்னல் வரைபடத்தைப் போலத் தெரிந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் போடும் ஆகாரக் குறியே ஒரு மாத்திரை. கோமள ரிஷபத்துக்கு ஓர் எழுத்து, சுத்த ரிஷபத்துக்கு வேறு எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். தாகூரின் அண்ணன்மார் த்விஜேந்திரநாத், ஜோதிரிந்திரநாத் ஆகியோர் உழைத்து உருவாக்கியது. நம் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டபோது கமகங்களுக்குக் குறி கண்டுபிடித்தாரே, அதே பாடுதான் இங்கேயும். காதால் வந்ததைக் கண்ணுக்குக் கொண்டுவருவது லேசான காரியமல்ல.

மகள் படித்தது

2011ல் அவள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண். ரவீந்திர பாரதியில் இசை படிக்கிறேன் என்றாள். ரவீந்திர பாரதிப் பல்கலைக்கழகம் தாகூர் நூற்றாண்டை ஒட்டி 1962ல் ஏற்பட்டது. தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு அதற்குச் சொந்தம். வகுப்புகள் பெரும்பாலும் பி.டி.ரோடு வளாகத்தில். நான் மறுக்கவில்லை. கேள்விகள் கேட்டேன். யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து பாடலாம், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவளால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. “நீங்க வந்து பாருங்கப்பா” என்றாள். போய்ப் பார்த்தேன்.

காளிகாட்டில் மெட்ரோ ஏறித் தம்தம் வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் சிந்தி மோர். ஐந்து வருஷம் இந்த வழிதான் அவளுக்கு. லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாமியிடம் எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். வர்ணம், கிருதி எல்லாம் பாடம். அதை விடாமல் காலையில் சாதகம், பகலில் ரவீந்திர சங்கீதம். இரண்டும் முட்டிக்கொள்ளாதா என்று அவள் அம்மாவுக்குக் கவலை. கமகம் கொடுத்துப் பழகிய தொண்டை, நேராக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது என்று முதல் வருஷம் ஆசிரியர்கள் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அழுதுகொண்டு வந்த நாட்களும் உண்டு.

இரண்டாம் வருஷம் நிலைமை மாறியது. பாடத்தில் ‘பாங்கா கான்’ என்று ஒரு பகுதி. பிற பாடல்களின் மெட்டைக் கேட்டு, அதை உடைத்துத் தாகூர் புதிதாக அமைத்த பாடல்கள். அவற்றில் சில தெற்கத்தி மெட்டுகள். தெற்கிலிருந்து சாந்திநிகேதனுக்குப் படிக்கப் போன சாவித்திரி என்ற மாணவி பாடக் கேட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் ‘மீனாட்சி மே முதம்’ கிருதியின் மெட்டில் தாகூர் ஒரு வசந்தப் பாட்டு அமைத்தார். சிம்மேந்திர மத்தியமத்திலும் அப்படி ஒன்று உண்டு. வகுப்பில் நாற்பது பேர். மூலத்தை யாராவது கேட்டிருக்கிறீர்களா என்று பேராசிரியை கேட்க, இவள் எழுந்து பாடியிருக்கிறாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “அம்மா, நீ வெள்ளிக்கிழமை பாடற பாட்டு எங்க சிலபஸ்ல இருக்கு” என்றாள். மதராஸிப் பெண் என்று பெயர் வைத்திருந்த வகுப்பு, அதற்குப் பிறகு பூர்விகல்யாணி என்றால் என்ன என்று இவளைக் கேட்க ஆரம்பித்தது.

தாகூர் தாமே அமைத்த தாளங்களையும் படித்தாள். ஜம்பக் என்று ஒரு தாளம், மூன்றும் இரண்டும் ஐந்து. நம் கண்டசாபு இரண்டும் மூன்றும் ஐந்து. ஒன்பதுக்கு நவதாள், பதினொன்றுக்கு ஏகாதசி, பதினெட்டுக்கு நவபஞ்சதாள். சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டிக் காட்டுவாள். சாம்பார் ஆறிப் போகும்.

இவையெல்லாம் குரு வீட்டிலும் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு பங்கு கிடைக்கும். தொண்டையும் கையும் பழகுவதற்கு குருவின் எதிரே உட்காருவதற்கு ஈடே கிடையாது. டாலிகஞ்சில் 1970களின் இறுதியில் அமைந்த ஐ.டி.சி. சங்கீத ஆராய்ச்சி நிலையத்தில் குருவும் சீடரும் ஒரே வளாகத்தில் குடியிருப்பதற்கு அதுவே காரணம். மேடைப் பாடகராக வேண்டும் என்பவர்கள் பட்டத்தை மட்டும் நம்பினால் போதாது. என் மகளும் லேக் மார்க்கெட் மாமியை விடவில்லை. ஆனால், ஒரே பாட்டை நான்கு பேர் நான்கு விதமாகப் பாடினால் ஏன் என்று கேட்கவும், பழைய இசைத்தட்டையும் அச்சான ஸ்வரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும், ஒரு வாத்தியம் ஏன் அப்படி ஒலிக்கிறது என்று ஆராயவும் பல்கலைக்கழகம்தான் இடம்.

கடைசியாகச் சொன்னது வெறும் பேச்சல்ல. அதைச் செய்து காட்டியவர் நம்மைப் போலவே இந்த ஊருக்குப் பிழைக்க வந்த ஒரு தமிழர். சர் சி.வி.ராமன் 1907ல் கல்கத்தாவுக்கு வந்தது நிதித்துறை அதிகாரியாக. அலுவலகம் முடிந்ததும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்வார். 1917ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். ஒளிச்சிதறலுக்கு முன்னால் அவர் தோண்டித் துருவியது ஒலியைத்தான். சாதாரணமாக, ஒரு தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. அதனால்தான் பறையடித்தால் ஓசை வருகிறது, ஸ்ருதி வருவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவிலும் நடுவில் அப்பியிருக்கும் கறுப்பு, தோலின் எடையை நடுவில் கூட்டி, அந்த மேல் ஸ்வரங்களைத் தந்தியில் வருவதைப் போல ஒழுங்குபடுத்துகிறது. 1920ல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி உடன் ஆய்வாளர் ஒருவரோடு எழுதினார். வீணை, தம்பூரா ஆகியவற்றின் வளைந்த மேடைக் குதிரை தந்தியின் ஒலியை எப்படிச் செழுமையாக்குகிறது என்பதையும் அடுத்து ஆராய்ந்தார். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி விரிசல் உண்டா என்று காதால் கண்டுபிடித்துப் பழகிய எனக்கு, மகளின் பாடப் புத்தகத்தில் மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஆக, ஸ்வரம் சொல்லிக்கொடுத்தார்கள், தாளம் சொல்லிக்கொடுத்தார்கள், சரித்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டு ஒரு தொழில் என்பதையும், அதில் பத்திரம் என்று ஒன்று உண்டு என்பதையும் ஐந்து வருஷத்தில் ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பாட்டின் உரிமையைப் பற்றி இந்தியாவிலேயே நிறையச் சொல்லக்கூடிய ஊர் இதுதான்.

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902 நவம்பரில் இந்தக் கல்கத்தாவில்தான் தொடங்கியது. கௌஹர் ஜான் பாடினார். 1908ல் சியால்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்தது. பிறகு தம்தமுக்கு மாறியது. பாட்டு ஒரு சரக்காக மாறியதும் இது யாருடைய சரக்கு என்ற கேள்வியும் வந்துவிட்டது.

தாகூரின் உரிமைகள் விஸ்வபாரதியிடம் இருந்தன. அவர் 1941 ஆகஸ்டில் காலமானார். அப்போதைய சட்டப்படி ஐம்பது வருஷம் கழித்து, 1991 முடிவில் உரிமை தீர்ந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, எல்லா ஆசிரியர்களுக்குமே ஐம்பதை அறுபதாக்கியது. ஆகவே, 2001 டிசம்பர் 31 வரை நீடித்தது. அதுவரை ரவீந்திர சங்கீதத்தை இசைத்தட்டில் கொண்டுவர வேண்டுமானால் விஸ்வபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஸ்வரவிதானில் உள்ளபடி இருக்கிறதா, பக்கவாத்தியம் அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதில் அடிபட்டவர் தேபப்ரத பிஸ்வாஸ். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். அந்தக் குரலை ஒரு முறை கேட்டால் மறக்க முடியாது. 1960களில் அவருடைய சில பதிவுகளுக்கு, வாத்தியம் மிகுதி, பாடும் விதம் சரியில்லை என்று குழு ஒப்புதல் மறுத்தது. அவர் வாதாடினார், கடிதம் எழுதினார். கடைசியில் ரவீந்திர சங்கீதம் பதிவு செய்வதையே விட்டுவிட்டார். அந்தக் கசப்பைச் சுயசரிதையாக எழுதினார். 1980ல் காலமானார். இன்றும் வங்காளி வீடுகளில் பூஜை விடுமுறைக்கு அவர் குரல் ஒலிக்கிறது.

குழுவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உரிமை தீர்ந்த பிறகு 2006ல் வந்த ‘தி பாங் கனெக்‌ஷன்’ படத்தில் ஒரு மழைப் பாட்டின் நடுவே புதிய கூவல்களைச் சேர்த்தபோது ஊரே இரண்டுபட்டது. எனக்கென்னவோ அந்தப் பாட்டு செத்துவிட்டதாகத் தெரியவில்லை. என் பங்களா நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நம் பாரதியின் கதை நேர்மாறு. அவர் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை குஜராத்தி வைர வியாபாரி ஒருவரிடம் போய், அவரிடமிருந்து ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1949ல் சென்னை அரசு உரிமைகளைப் பெற்றது. அடுத்த சில வருஷங்களில் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. நம் சங்க ஆண்டு விழாவில் குழந்தைகள் யாருடைய அனுமதியும் இல்லாமல் பாரதி பாட்டுப் பாடுவது அதனால்தான்.

சட்டத்தில் ஒரு பாட்டுக்குப் பல சொந்தக்காரர்கள். சொல் எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு ஒன்று, பதிவு செய்த கம்பெனிக்குப் பதிவில் தனியாக ஒன்று. பாடியவர்? 1957ல் வந்த சட்டத்தில் பாடியவருக்கு ஒன்றுமே இல்லை. 1977ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து போன மேல்முறையீடு அது. சினிமாவுக்காகக் கூலிக்கு அமைத்த பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பு. அதோடு சேர்த்து நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லாதது சரியல்ல, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று. கவனிக்கப் பதினேழு வருஷம் ஆயிற்று. 1994 திருத்தத்தில் பாடுபவருக்கு உரிமை வந்தது. 2012 திருத்தம் இன்னும் மேலே போயிற்று. சினிமாப் பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்கள் பங்கை வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று ஆக்கியது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. தம் நிகழ்ச்சியை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பாடகருக்கும் ராயல்டி உண்டு என்றது.

ராயல்டி என்றால் ஏதோ சினிமாக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். விடியற்காலையில் நம் வீடுகளில் ஒலிக்கும் எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் 1963ல் வெளிவந்தது. அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்து வேத பாடசாலைக்கு எழுதி வைத்தார்கள். ஒரு தட்டில் பாடிய பாட்டு ஒரு பாடசாலைக்குச் சோறு போட முடியும். பத்திரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பக்கக் காகிதம்

2017ல் என் மகளுக்கு ஓர் அழைப்பு வந்தது. எம்.ஏ. முடித்து ஒரு வருஷம். ஒரு நிகழ்ச்சியில் அவள் பாடியதைக் கேட்ட ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று, தெற்கத்தி மெட்டில் அமைந்த தாகூர் பாடல்களையும் அவற்றின் மூலக் கிருதிகளையும் சேர்த்து எட்டுப் பாட்டுகள் பதிவு செய்யலாம் என்றது. யோசனை அருமையானது. வீட்டில் பாயசம் வைத்தாயிற்று. கையெழுத்துக்காக ஒரு பக்கக் காகிதம் அனுப்பினார்கள்.

ரயில்வே ஒப்பந்தம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கொட்டகைக்குக் கூரை மாற்றுவதற்கே முப்பது நாற்பது பக்கம் வரும். வேலை என்ன, அளவு எவ்வளவு, எத்தனை நாளில், பணம் எப்போது எந்தத் தவணையில், தாமதமானால் என்ன, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று எல்லாம் இருக்கும். இந்தக் காகிதத்தில் கொடுப்பவள் பக்கம் மட்டும்தான் இருந்தது. இப்போது உள்ளதும் இனிமேல் வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதற்கும், என்றென்றைக்குமாக எல்லா உரிமையும் நிறுவனத்துக்கு. பதிலுக்கு மொத்தமாக 12,000 ரூபாய். ராயல்டி என்ற சொல்லே இல்லை. அதே பாடல்களை ஐந்து வருஷத்துக்கு வேறெங்கும் அவள் பதிவு செய்யக்கூடாது என்று ஒரு வரி கடைசியில் சின்ன எழுத்தில்.

நான் சட்டம் படித்தவனல்ல. தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். அவர் பத்தொன்பதாம் பிரிவைப் பிரித்துக் காட்டினார். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி என்ன என்பதெல்லாம் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். இதை அறிந்த கம்பெனிகள்தான் ‘என்றென்றைக்கும்’, ‘உலகம் முழுவதும்’ என்று தவறாமல் அச்சடிக்கின்றன.

மகளிடம் சொன்னேன். என்றென்றைக்கும் என்பதற்குப் பத்து வருஷம் என்று கேள், விற்பனையில் ஒரு பங்கு கேள், கடைசி வரியை எடுக்கச் சொல். அவள் கேட்டாள். மரியாதையாகத்தான் பதில் வந்தது. “எல்லோரும் இதில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். உங்களுக்கு மட்டும் மாற்ற முடியாது.” வீட்டில் இரண்டு நாள் பேச்சு. என் மனைவி, “முதல் வாய்ப்புங்க. பேர் வந்தா பணம் பின்னால வரும். கொடுத்துட்டுப் போகட்டுமே” என்றாள். அவள் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. பெயரில்லாத பாடகரிடம் பேரம் பேசும் பலம் ஏது? முடிவை மகளிடமே விட்டோம். மூன்றாம் நாள் அவள் கையெழுத்தில்லாமல் காகிதத்தைத் திருப்பி அனுப்பினாள். ஒரு வாரம் சாதகம் செய்யவில்லை.

அடுத்த வருஷம் அந்த எட்டில் நான்கைத் தோழிகளின் வயலின், எஸ்ராஜ் துணையோடு வாடகை ஸ்டூடியோவில் தானே பதிவு செய்து யூடியூபில் ஏற்றினாள். இரண்டாம் நாளே ஒரு பாட்டின் மேல் ஒரு கம்பெனி உரிமை கோருவதாக அறிவிப்பு. தீட்சிதர் காலமானது 1835ல். அவருடைய கிருதிக்கு இன்று யார் உரிமை கோர முடியும்? விஷயம் இதுதான்: வேறொருவர் பாடிய பதிவு அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. ஒலியை ஒப்பிடும் இயந்திரம் இரண்டும் ஒன்றென்று முடிவு செய்துவிட்டது. கிருதி வேறு, பதிவு வேறு என்று இயந்திரத்துக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்திருந்தது. ஆட்சேபம் எழுதினாள், கோரிக்கை விலகியது. அவளோடு படித்த இன்னொரு பெண் அதே மாதிரி அறிவிப்புக்குப் பயந்து பாட்டையே எடுத்துவிட்டாளாம்.

இனி, கேட்டார்களே, பிழைப்பு. மேடைக் கச்சேரியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலர். இசைப் பட்டம் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஆசிரியர் வேலைதான். கேந்திரிய வித்யாலயாக்களில் இசை ஆசிரியர் பணிக்கு இசையில் இளங்கலைப் பட்டம் கேட்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். கல்லூரி ஆசிரியர் ஆக முதுகலையும் ‘நெட்’ தேர்வும் வேண்டும். வானொலியில் தரத்தேர்வு எழுதி நிலையக் கலைஞர் ஆகலாம். கௌரவம் உண்டு, ஆனால் குடும்பம் நடத்தப் போதாது. ரயில்வேயில் கலைஞர் ஒதுக்கீட்டில் ஒவ்வொரு மண்டலமும் மிகச் சில இடங்களை நிரப்புகிறது. எங்கள் அலுவலகத்தில் கணக்கெழுதிய ஒருவர் மாலையில் தபலா வாசித்தால் அதிகாரிகள் நகர மாட்டார்கள். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை கொடுக்கிறது. நம்மில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. பள்ளியில் படிக்கும்போதே தொடங்க நினைப்பவர்கள், சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கர்நாடக இசையை ஒரு பாடமாக எடுக்க முடியும் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

இங்கே புகழ் பெற்றவர்களையே பாருங்களேன். கணிகா பந்த்யோபாத்யாய் சங்கீத பவனத்தின் முதல்வராக இருந்தவர். சுசித்ரா மித்ரா ரவீந்திர பாரதியில் பேராசிரியர். இருவரும் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் ஆயிரக்கணக்கானோர் வாங்கும் இசைத்தட்டுகளையும் கொடுத்தார்கள். சுசித்ரா மித்ரா 1924ல் பிறந்தது ஓடும் ரயிலில், குஜண்டி நிலையத்துக்கு அருகில். கிராண்ட் கார்டு பாதையில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் போடும் மலைச்சரிவு அது. எங்கள் இலாகாவுக்கு இதில் ஒரு பெருமை.

என் மகள் 2019 முதல் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியை. சனி, ஞாயிறுகளில் பாடப் போகிறாள். பதிவுகளும் செய்கிறாள். பத்து வருஷ உரிமை, ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு என்று பத்திரத்தில் எழுதச் சம்மதித்த ஒரு சிறு நிறுவனம் சென்ற வருஷம் அவளுடைய ஆறு பாடல்களை வெளியிட்டது. முதல் வருஷக் கணக்கு வந்துவிட்டது: 1,860 ரூபாய். அந்தக் காகிதத்தை நான் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இசைப் படிப்பைப் பற்றி யோசிக்கும் பெற்றோர், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வரலாம். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போடாத அந்த ஒரு பக்கக் காகிதத்தின் நகலும், போட்ட பத்திரத்தின் நகலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்வரவிதான் பதினான்கு தொகுதிகள் இருக்கின்றன. வங்காள எழுத்து தெரியாதவர்களுக்கு என் மனைவி படித்துக் காட்டுவாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னைவிட நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள்.